சிரோக்கோ: ஒரு தோட்டத்துரையின் ஆக்கவுரிமைகள்

நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் செல்லும் மலைப்பாதைகளில், மழைக்காலத்து மாலைப் பொழுதில் பயணஞ் செய்வோர், தேயிலைத் தொழிற்சாலையைக் கண்ணாற் காண்பதற்கு முன்னரே அதன் அண்மையை உணர்ந்து கொள்வர். பனிமூட்டத்தினூடே முதலில் வந்தடைவது மணம். அதனைத் தொடர்வது பெருவிசிறியொன்றின் இடையறாத முழக்கம். தோட்டத் தொழிலாளர் 'ஸ்டோர்' என வழங்கும் அக்கட்டடங்கள் பலவற்றில், உலர்த்தும் அறையை நிறைத்து நின்ற இரும்பு இயந்திரங்கள் 'சிரோக்கோ' என்னும் பெயரைத் தாங்கியிருந்தன. இப்பெயர் தமிழுமன்று, சிங்களமுமன்று, ஆங்கிலமுமன்று. சகாராப் பாலைவனத்திலெழுந்து மத்தியதரைக் கடலைக் கடந்து தென் ஐரோப்பியக் கரைகளைச் சுட்டெரிக்கும் வெங்காற்றின் பெயர் அது. மழையும் குளிரும் மிகுந்த இலங்கை மலைச்சாரலுக்குப் பாலைவனத்துக் காற்று வந்து சேர்ந்த வரலாறு, சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன் என்னும் ஒரு தனிமனிதரின் வரலாறாகும்.

டேவிட்சன் 1846 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆந் திகதி அயர்லாந்தின் வடபாகத்திலே, பெல்பாஸ்ட் நகரை அடுத்துப் பிறந்தவர். பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. பதினைந்து வயதளவிற் பள்ளியை விட்டு ஒரு பொறியியலாளரிடம் தொழில் பழகினார். அதுவே அவர் முறையாகப் பெற்ற பயிற்சி முழுவதும் எனலாம். அக்காலத்தில் வடகிழக்கு இந்தியாவின் அசாமிலும் அதனையடுத்த கச்சாரிலும் தேயிலைத் தோட்டங்கள் விரைந்து பெருகின. ஐரோப்பாவிற் பணம் படைத்தோர் பலர் நேரிற் காணாத நிலங்களிற் பங்கு வாங்கினர். டேவிட்சனின் தந்தையாரும் கச்சாரில் ஒரு தோட்டத்திற் பங்கு வாங்கி, 1864 ஆம் ஆண்டிலே பதினேழு வயது மகனை அங்கு அனுப்பி வைத்தார். அவ்விளைஞர் சில ஆண்டுகளில் தோட்டத்தின் மேலாளராகவும், பின்னர் உடைமையாளராகவும் உயர்ந்தார். இந்நிகழ்ச்சிகளில் வியப்பதற்கு அதிகமில்லை. துரைமார் பலரின் வரலாறு இத்தகையதே. டேவிட்சனைப் பிறரினின்றும் வேறுபடுத்தியது, அவர் தோட்டத்தில் நின்று உற்றுநோக்கிய பொருள்.

அக்காலத்துத் தேயிலை முழுவதும் கையினாலேயே செய்யப்பட்டது. மலையிலிருந்து வந்த பச்சைக்கொழுந்தைத் தட்டுகளிற் பரப்பி ஓரிரவு வாடவிடுவர். வாடிய கொழுந்தை மேசைகளில் இட்டுத் தொழிலாளர் வரிசையாக நின்று உள்ளங்கைகளால் அழுத்தியும் உருட்டியும் பிசைவர். இலையின் சாறு வெளிப்பட்டுக் கை முழுவதும் கறுக்கும் வரையில் அப்பணி நீளும். பின்னர் இலையைக் குவித்து, காற்றிலே பதப்பட்டுச் செம்புநிறம் பெறும்வரை வைத்திருந்து, இறுதியிலே கரி நெருப்பின்மேற் காயவைப்பர். இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கையின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டிலே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிர்செய்து, தமது வீட்டு விறாந்தையிலேயே இம்முறையில் தேயிலை செய்தார். மேசைமீது கையால் உருட்டி, களிமண் அடுப்பில் எரிந்த கரியின்மேற் கம்பித்தட்டுகளை வைத்து உலர்த்திய தேயிலையே அங்கு முதலில் விலைப்பட்டது.

இம்முறையில் மிகக் கொடியது கரி நெருப்பறை. கரிப்புகையும் வெப்பமும் நிறைந்த அக்கூடத்திற் பணியாற்றியோர் பட்ட துன்பத்தை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆயினும் தோட்ட முதலாளிகள் எழுதி வைத்த வேறொரு கணக்கு உண்டு. ஓர் இறாத்தல் தேயிலையை உலர்த்துவதற்கு வேண்டிய கரியைப் பெற 8 இறாத்தல் நல்ல மரம் எரிக்கப்பட்டது என்பதே அக்கணக்கு. ஒரு தோட்டம் வளர வளர அதனைச் சூழ்ந்த காடு கரியாகிக் கொண்டிருந்தது. கரியின் புகை தேயிலையின் மணத்தையும் கெடுத்தது. நெருப்பு ஒருபால் மிகுந்து ஒருபாற் குறைய, ஒரே தட்டில் ஒரு பகுதி தீய்ந்தும் மறுபகுதி ஈரம் உலராமலும் கிடந்தது.

டேவிட்சன் கண்ட உண்மை சொல்வதற்கு மிக எளிது. தேயிலையை உலர்த்துவது நெருப்பன்று, வெங்காற்றே. ஆகவே நெருப்பை ஓரிடத்தில் அடைத்து, அதன் புகையைத் தனிக் குழாய்வழியே போக்கிவிட்டு, அந்நெருப்பினாற் சூடேறிய தூய காற்றை மட்டும் இலையினூடே செலுத்தினாற் போதும். இக்கருத்தின்படி அவர் அமைத்த முதலாவது சிரோக்கோ உலர்த்தி 1877 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் அடியில் அடுப்பு. அடுப்பைச் சூழ்ந்து காற்றைச் சூடாக்கும் அறை. அதன்மேல் இலை பரப்பிய தட்டுகள். மேலெழும் வெங்காற்று தட்டுகளினூடே சென்று ஈரத்தைக் கவர்ந்து வெளியேறிற்று. விறகாயினும் நிலக்கரியாயினும் எதனையும் எரிக்கலாம். புகை இலையைத் தீண்டாது. பிற்காலத்தில் வந்த உலர்த்திகளில், தட்டுகள் முடிவிலாச் சங்கிலியொன்றிற் கோக்கப்பட்டு ஊர்ந்து செல்லும். மேற்றட்டில் விழும் ஈர இலை, தட்டுத் தட்டாகக் கீழே கவிழ்ந்து, கீழிருந்து விசிறியால் ஊதப்படும் சூட்டை எதிர்கொண்டு இறங்கும். ஏறக்குறைய இருபது நிமிடங்களில், நூற்றுக்கு மூன்று பங்களவு ஈரம் மட்டும் எஞ்சிய கருந்தேயிலையாக அது வெளிவரும்.

கருத்து எளிதாயினும் அதனைக் காப்பது எளிதன்று. இவ்விடத்தில் ஆக்கவுரிமை என்னும் சட்டமுறையை விளங்கிக்கொள்ளல் வேண்டும். புதியதொரு கருவியையோ முறையையோ கண்டவன், அதன் இரகசியம் முழுவதையும் வரைபடத்தோடு அரசாங்கத்திடம் எழுதிக் கொடுக்கிறான். அதற்கு ஈடாக, குறித்த சில ஆண்டுகளுக்கு அதனைச் செய்யவும் விற்கவும் அவனுக்கே தனியுரிமை அளிக்கப்படுகின்றது. ஆண்டுகள் கழிந்ததும் அவ்வறிவு உலகினருக்குப் பொதுவாகி விடுகின்றது. இந்தியாவில் இதற்கான சட்டம் முதலில் 1856 ஆம் ஆண்டிலும், திருத்தமாக 1859 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டது; தனியுரிமைக் காலம் பதினான்கு ஆண்டு. இலங்கையிலும் 1859 ஆம் ஆண்டிலேயே இத்தகைய கட்டளைச் சட்டமொன்று பிறந்தது. தேயிலை இயந்திரங்களின் வரலாறும் இச்சட்டத்தின் வரலாறும் ஒரே காலத்தில் வளர்ந்தன என்பது தற்செயலன்று. தேயிலை, அறுவடையான உடனேயே தொழிற்சாலையை வேண்டி நிற்கும் பயிர். எனவே அதனைச் சூழ்ந்து புனைவோர் பலர் திரண்டனர்.

அவர்களுள் டேவிட்சன் தனித்தவரல்லர். கையால் உருட்டும் பணியை இயந்திரத்துக்கு மாற்றுவதற்கு 1860களிலேயே கின்மண்ட் என்பவர் முயன்றார். ஸ்கொத்லாந்தினரான வில்லியம் ஜாக்சன் 1872 ஆம் ஆண்டளவில் அசாமிலே தமது முதலாவது உருட்டியை நிறுவினார். ஜாக்சனின் இயந்திரங்களை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கொம்பனி வார்த்தெடுத்து உலகெங்கும் அனுப்பிற்று. உருட்டியின் இயக்கத்தை ஒருமுறை கண்டோர் அதன் மூலத்தை உடனே அறிவர். கீழே ஒரு மேசை; மேலே இலையை அடக்கிய ஓர் உருளைப்பெட்டி; ஒன்றின்மேலொன்று வட்டமிட்டு அரைக்கும் அவ்விரண்டும், எதிரெதிராகச் சுழலும் இரண்டு உள்ளங்கைகளேயன்றி வேறல்ல. இந்த அசைவை இரும்பிற் பொறித்த உரிமை யாருடையது என்பது பற்றிக் கின்மண்டும் ஜாக்சனும் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் வழக்காடினர். அவ்வழக்கில், தம் கைகளின் அசைவைத் தந்த தொழிலாளர் கட்சிக்காரராகவுமில்லை, சாட்சிகளாகவுமில்லை. சட்டம் புனைந்தவனைத்தான் அறியும். கைப்பழக்கத்துக்கு உரிமைப் பத்திரம் வழங்குவதில்லை.

இயந்திரங்களின் விளைவு பெரிது. 1872 ஆம் ஆண்டளவில் இந்தியாவில் ஓர் இறாத்தல் தேயிலையின் உற்பத்திச் செலவு 11 பென்சாக இருந்தது. 1913 ஆம் ஆண்டளவில் அது 3 பென்சுக்கும் குறைந்தது. எட்டு இறாத்தல் மரம் செய்த வேலையைக் கால் இறாத்தல் நிலக்கரி செய்தது. இந்தியாவில் ஓடிய ஏறக்குறைய எட்டாயிரம் ஜாக்சன் உருட்டிகள், கையினாற் செய்வதாயின் பதினைந்து இலட்சம் பேரை வேண்டியிருக்கும் வேலையைச் செய்தன எனக் கணக்கிடப்பட்டது. சீனத் தேயிலை இலண்டன் சந்தையில் தன் முதன்மையை இழந்தமைக்கு மண்வளமும் மழையும் காரணமென்று கூறுவோருளர். உண்மையில் இவ்விரும்பு வார்ப்புகளின் பங்கு அவற்றினுங் குறைந்ததன்று.

இலங்கைக்கு இவை வந்த காலம் மிக நெருக்கடியானது. 1869 ஆம் ஆண்டிலே தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தது. கடனில் மூழ்கிய துரைமார், கோப்பிச் செடியைப் பிடுங்கிய குழியிலேயே தேயிலைக் கன்றை நட்டனர். கோப்பி உலர்த்திய களங்களும் கட்டடங்களும் தேயிலைக்கு உதவவில்லை. முற்றிலும் புதிய தொழிற்சாலைகள் வேண்டியிருந்தன. ஜோன் வோக்கர் கொம்பனியார் 1880 ஆம் ஆண்டிலே உள்நாட்டில் ஓர் உருட்டியைச் செய்து தொலஸ்பாகைப் பகுதித் தோட்டமொன்றுக்கு விற்றனர். 1884 ஆம் ஆண்டில் ஹட்டனையும் மறு ஆண்டில் நானுஓயாவையும் புகையிரதம் அடைந்தது. அதன்பின் கனத்த வார்ப்பிரும்புகள் புகையிரத நிலையத்திலிருந்து மாட்டுவண்டியிலும், வண்டி செல்லாத இடத்தில் ஆட்களின் தோளிலும் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகளுக்குள் சென்றன. 1880 ஆம் ஆண்டிலே இரண்டு இலட்சம் இறாத்தலுக்குங் குறைவாக இருந்த இலங்கைத் தேயிலை ஏற்றுமதி, 1900 ஆம் ஆண்டிலே பதினான்கு கோடி இறாத்தலைத் தாண்டிற்று. இவ்வளர்ச்சியின் நடுவே, 1881 ஆம் ஆண்டு பெல்பாஸ்டில் ஏழு தொழிலாளருடன் டேவிட்சன் தொடங்கிய சிரோக்கோப் பொறியியற் பட்டறை ஒரு பெருந்தொழிற்சாலையாக மாறிற்று. வாட்டுதல், உருட்டுதல், சலித்தல், பெட்டியில் அடைத்தல் என்று தேயிலையின் ஒவ்வொரு படிக்கும் அவர் இயந்திரம் வகுத்து உரிமை பெற்றார்.

இவ்வளவோடு அவர் நின்றிருந்தால், தேயிலை வரலாற்றில் மட்டும் இடம்பெறும் பெயராக இருந்திருப்பார். அவரை வேறு துறைகளுக்கு இழுத்துச் சென்றது, தேயிலைக்குள் இருந்த ஒரு சிறு சிக்கலே. வெங்காற்று தானாக மேலெழுவதை நம்பியிருந்தால் உலர்த்தல் தாமதமாகும். மழைக்காலத்தில் மேல்மாடியிற் பரப்பிய கொழுந்தை வாட்டவும் காற்றை வலிந்து இழுக்க வேண்டும். அக்காலத்து விசிறிகள் நேரான அல்லது பின்னோக்கி வளைந்த பெரிய இதழ்கள் சிலவற்றையே கொண்டிருந்தன. மிகுந்த காற்று வேண்டுமாயின் விசிறியும் மிகப் பெரிதாதல் வேண்டும். டேவிட்சன் இதழ்களைச் சிறியனவும் ஒடுங்கியனவுமாக்கி, எண்ணிக்கையைப் பன்மடங்கு கூட்டி, பறையொன்றின் விளிம்பைச் சுற்றி நெருக்கமாக அடுக்கி, சுழலும் திசையை நோக்கி அவற்றை முன்வளைத்தார். காற்று புகும் வாயையும் அகலமாக்கினார். 1898 ஆம் ஆண்டில் உருவான இவ்விசிறி, சிறிய உருவத்தில், குறைந்த வேகத்தில், பழைய விசிறிகளால் இயலாத அளவு காற்றைத் தள்ளிற்று.

காற்று எங்கெங்கு வேண்டுமோ அங்கெல்லாம் இவ்விசிறி சென்றது. நிலக்கரிச் சுரங்கத்தின் ஆழத்தில் நச்சுவாயுவை அகற்றுவதற்கும், போர்க்கப்பல்களின் கொதிகலன் அடுப்புகளுக்குக் காற்றூட்டுவதற்கும், மண்டபங்களிலும் ஆலைகளிலும் காற்றோட்டம் அளிப்பதற்கும் அது பயன்பட்டது. அமெரிக்காவிலே டெற்றோயிற் நகரத்து ஊதுவிசிறிக் கொம்பனியொன்று சிரோக்கோ என்னும் பெயருடனேயே அதனைச் செய்து விற்றது. ஜப்பானிய மொழியில் இவ்வகை விசிறிக்குச் 'சிரோக்கோ விசிறி' என்பதே இன்றும் வழங்கும் பொதுப்பெயர். அடுக்களைப் புகையை வெளியேற்றும் பெட்டியிலும், மோட்டார் வண்டியின் காற்றூட்டியிலும், குளிர்சாதனங்களிலும் சுழலும் சிறு பறைவிசிறி, கச்சாரின் தேயிலைக் கூடத்தில் எழுந்த கேள்வியின் பேரப்பிள்ளை என்று கூறுவது மிகையாகாது.

றப்பர் மரத்தின் பாலும் அவர் கவனத்தை ஈர்த்தது. 1876 ஆம் ஆண்டிலே ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகளின் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாழ்நிலமெங்கும் றப்பர்த் தோட்டங்கள் பரவின. தேயிலைக்கு நேர்ந்த அதே இடர்ப்பாடு இங்கும் இருந்தது. மரத்திலிருந்து வடியும் பால் விரைவிற் புளித்துக் கெட்டுவிடும். அதனைக் கெடாமற் பேணுவதற்கும் உறையச் செய்வதற்கும் உரிய முறைகளுக்கு டேவிட்சன் ஆக்கவுரிமை பெற்றார். இவை சிரோக்கோவைப் போல நிலைபெறவில்லை. ஒரு துறையில் வாழ்ந்து பெற்ற அறிவுக்கும், தூரத்திலிருந்து ஆராய்ந்து பெற்ற அறிவுக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலனாகின்றது. கச்சாரின் கரிப்புகையை அவர் மூச்சில் இழுத்திருந்தார். றப்பர்ப் பாலோடு அத்தகைய பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

முதலாம் உலகப்போர் மூண்டபோது, பதுங்குகுழியிலிருக்கும் காலாட்படையினர் கையாளத்தக்க சிறு பீரங்கி ஒன்றையும் அவர் வகுத்தார். அவருடைய மகன் ஜேம்ஸ், இயந்திரத் துப்பாக்கிப் படையில் தலைவராக இருந்து, 1916 ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி சோம் ஆற்றங்கரைப் போரின் முதல் நாளிலே மாண்டார். இயந்திரங்களால் உழைப்பைக் குறைக்க முயன்ற ஒருவரின் வீட்டில், இயந்திரப்போர் எடுத்த பலி அது.

ஒரு தொழிலில் நின்று பல தொழில்களுக்குத் தாவும் இவ்வியல்பு தமிழருக்குப் புதிதன்று. 1893 ஆம் ஆண்டிலே கோயம்புத்தூரையடுத்த கலங்கலிற் பிறந்த கோ. துரைசாமி நாயுடு, பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர். 1920 ஆம் ஆண்டிலே பஸ் ஓட்டும் தொழிலைத் தொடங்கி, அதன் தேவைகளிலிருந்து கருவிகளைப் புனையத் தொடங்கினார். பின்னர் மின்சவரக் கத்தி, வாக்குப்பதிவு இயந்திரம், மின்மோட்டார் எனப் பல துறைகளில் அவர் கை நீண்டது. நாயுடுவின் பெயர் தமிழ்நாட்டாரின் நாவில் வாழ்கின்றது. ஆயினும் அவர் புனைந்தவற்றுட் பல, உலகச் சந்தையைப் பற்றவில்லை. டேவிட்சனுக்கு வாய்த்தவை மூன்று: தமக்குச் சொந்தமான பட்டறை, தம்மைக் காத்த சட்டம், கேட்டவுடன் வாங்குவதற்குக் காத்திருந்த ஒரு பேரரசின் தோட்டங்கள். இம்மூன்றையும் நீக்கிவிட்டு மதியை மட்டும் நிறுத்தால், இருவருக்குமிடையே ஏற்றத்தாழ்வு காண்பது அரிது.

மலைநாட்டு மக்களின் வாழ்வில் இவ்வியந்திரங்கள் செய்த மாற்றத்தை எண்ணுங்கால், நன்றியும் குறையும் ஒருங்கே தோன்றுகின்றன. கரிநெருப்பறையின் கொடுமை ஒழிந்தது நன்மையே. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் ஆக்கவுரிமைப் பதிவேடுகளைத் தொடக்கமுதல் இறுதிவரை புரட்டினும், கொழுந்து பறிக்கும் கைக்கு மாற்றாக நிலைபெற்றதொரு கருவி அவ்வூழியில் தோன்றவில்லை. இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்று விரல்நுனி தேர்ந்தெடுக்கும் வேலை அது. சரிவும் பாறையும் ஓடையும் கலந்த மலையில், ஒவ்வொரு செடியும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கும். ஒரு மலையைப் பறித்து முடித்து ஏழு முதற் பத்து நாளில் அதே மலைக்குத் திரும்ப வேண்டும். ஓர் இறாத்தல் தேயிலைக்கு நாலரை இறாத்தலளவு பச்சைக்கொழுந்து வேண்டும். தொழிற்சாலையின் பசி வளர வளர, பறிப்போரின் தொகையும் வளர்ந்தேயாகும். கூடத்தில் ஆட்குறைப்புச் செய்த இயந்திரம், மலையில் ஆட்பெருக்கத்தை வேண்டிற்று. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலாய பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கங்காணிமாரின் பின்னே இலட்சக்கணக்கில் வந்ததற்கு, பஞ்சமும் கடனும் ஒரு புறக் காரணம். சிரோக்கோவும் உருட்டியும் மறுபுறக் காரணம்.

அதிகாலைப் பிரட்டுக் களத்திற் பெயர் கொடுத்து, மலையேறி, மட்டக்கம்பு இட்ட மட்டத்திற் பறித்து, கூடையை நிறைத்து இறங்கும் பெண்ணுக்கு, நிறை போதுமாயின் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அந்த நிறையைக் குறிக்கும் தராசு மட்டுமே அவள் நாள்தோறும் காணும் இயந்திரமாக இருந்தது. அவளுடைய கணவனோ தம்பியோ கவ்வாத்துக் கத்தியோடு வேறொரு மலையில் நின்றான். குடியுரிமைச் சட்டம் 1948 ஆம் ஆண்டிலே அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய காலத்திலும், அவர்கள் பறித்த கொழுந்து நாட்டின் முதன்மையான ஏற்றுமதியாகவே இருந்தது.

நோட்டன் பிரிட்ஜ் இவ்வரலாற்றிற் பெறும் சிறப்பு வேறொன்று. விசிறியும் உருட்டியும் சுழல்வதற்கு ஆற்றல் வேண்டும். மலையோடைகளில் நீர்ச்சக்கரம் அமைத்தும், நீராவி எந்திரமும் எண்ணெய் எந்திரமும் பூட்டியும் தோட்டங்கள் தனித்தனியே அதனைத் தேடிக்கொண்டன. இம்மலைகளின் நீர் முழுவதையும் நாட்டுக்குப் பொதுவான மின்சாரமாக்கலாம் எனக் கண்டவர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர. 1874 ஆம் ஆண்டிலே காலியிற் பிறந்து, பொதுவேலைப் பகுதியிற் பொறியியலாளராகச் சேர்ந்த அவர், கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் மலையைவிட்டு வீழும் வீழ்ச்சியை அளந்து, 1918 ஆம் ஆண்டிலே இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் தம் திட்டத்தை வாசித்தார். ஆற்றின் வீழ்ச்சிக்கு எவரும் ஆக்கவுரிமை பெற முடியாது. அதனை நிறைவேற்ற அரசாங்கத்தின் மனம் ஒன்றே வேண்டும். அம்மனம் எளிதிற் கனியவில்லை. 1924 ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 1927 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. சேவையிலிருந்து விலகிய விமலசுரேந்திர 1931 ஆம் ஆண்டிலே அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் அதனையே வலியுறுத்தினார். நோட்டன் பிரிட்ஜில் அணை கட்டி, கெசல்கமு ஓயாவின் நீரைச் சுரங்கத்தாலும் குழாய்களாலும் 1,400 அடிக்கு மேற்பட்ட ஆழத்துக்கு வீழ்த்தி, லக்சபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது 1950 ஆம் ஆண்டில். மூன்றாண்டின் பின், 1953 இல், அவர் காலமானார். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்கும் 50 மெகாவாட் மின்னிலையம் 1965 ஆம் ஆண்டிலே நோட்டன் பிரிட்ஜில் எழுந்தபோது அவர் பெயர் அதற்கு இடப்பட்டது.

ஓர் உலர்த்தியின் கருத்து பெல்பாஸ்டிலிருந்து இலங்கை மலைக்கு வரச் சில ஆண்டுகளே சென்றன. அதே மலையில், அம்மலையின் நீரைப் பற்றித் தோன்றிய கருத்து நிறைவேற முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. விற்பனைப் பொருளாகிய புனைவு தன்னைத் தானே சுமந்து செல்லும். பொதுநன்மைக்கான புனைவு பிறர் தோளை எதிர்பார்த்து நிற்கும். லக்சபானவின் மின்கம்பிகள் கொழும்பை ஒளிரச் செய்த பின்னரும், அக்கம்பிகளுக்குக் கீழே இருந்த லயன் அறைகள் பலவற்றில் மண்ணெண்ணெய்க் கைவிளக்கே பல்லாண்டுகள் எரிந்தது.

டேவிட்சனுக்கு 1921 ஆம் ஆண்டிலே, வட அயர்லாந்துப் பாராளுமன்றத்தைத் திறந்துவைக்க ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் பெல்பாஸ்டுக்கு வந்த வேளையிற் பட்டம் வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே பாங்கர் நகரில் இருந்த தமது இல்லத்தில் அவர் மறைந்தார். அவருடைய முதலாவது சிரோக்கோவின் உரிமைக்காலம் அதற்கு நெடுங்காலம் முன்னரே கழிந்து, கருத்து உலகத்துக்குப் பொதுவாகியிருந்தது. அவர் நிறுவிய தொழிற்சாலை கைமாறி, இருபதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயிற் பெல்பாஸ்டிலிருந்த பட்டறை மூடப்பட்டது. மலைநாட்டின் பழைய தொழிற்சாலைகளிலும் ஆட்டம் குறைந்தது. சில மூடப்பட்டன, சில உல்லாசப் பயணிகளின் விடுதிகளாயின. ஓடிக்கொண்டிருப்பவற்றில் மின்சாரம் விசிறியைச் சுழற்றுகின்றது. கத்தரி கொண்டு பறிக்கும் முறை சில தோட்டங்களில் நுழைந்துள்ளது. ஏனைய இடங்களில், விசிறியின் வாய்க்குச் செல்லும் கொழுந்து முன்போலவே விரலாற் கிள்ளப்பட்டு, முதுகிற் சுமந்த சாக்கிலோ கூடையிலோ மலையிறங்கி, தராசில் ஏறிய பின்னரே தொழிற்சாலையின் வாசலைக் கடக்கின்றது.